பாஸ் மீன் பிடிக்க ஆசையா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

கனடாவின் ஒன்டாரியோவுக்கு வந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்களுக்கு, ஏப்ரலில் ஏரிக்கரைப் பக்கம் போனாலே கை துறுதுறுக்கும். பனி உருகி, தண்ணீர் தெரிந்து, நாலு பேர் தூண்டிலோடு நிற்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு ராட் (தூண்டில் கோல்), ஒரு ரீல் (நூல் சுற்றும் உருளை), கூடவே கலர் கலராக முப்பது லூர் (போலி இரை) என்று வாங்கி வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்த முப்பதில் இருபத்தைந்து இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது, மீனைக் கொண்டு வந்தது மிச்சம் ஐந்துதான். அந்த ஐந்தையும் எப்போது எதை எடுப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தது சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று, நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது. புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வதும் அதைத்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் லைசென்ஸ். 18 வயதிலிருந்து 64 வயது வரை ஒன்டாரியோவில் வசிக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது கட்டாயம். இரண்டு வகை இருக்கிறது, ஸ்போர்ட், கன்சர்வேஷன். கன்சர்வேஷனில் எடுத்துப்போகக்கூடிய மீன்களின் எண்ணிக்கை குறைவு, பிடித்து விட்டுவிடுபவர்களுக்கு அதுவே தாராளம். அப்புறம் மாகாணத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொரு மண்டலத்திலும் ஒவ்வொரு மீனுக்கும் திறப்பு, மூடல் தேதி உண்டு. தெற்குப் பகுதியில் பாஸ் பொதுவாக ஜூன் மாதப் பிற்பகுதியில்தான் திறக்கும். நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். "பிடித்தால் விட்டுவிடப் போகிறேன், அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். மூடிய பருவத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே தவறு, விட்டாலும் தவறுதான். இன்னொன்று, பனி இல்லாத காலத்தில் பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். கரையில் மூன்று ராடைக் குத்தி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் பழக்கம் இங்கே அபராதத்தில் முடியும். எந்த ஏரிக்குப் போகிறீர்களோ அதன் மண்டல எண்ணைப் பார்த்து, அந்த வருடத்து விதியைப் போகும் முன்பே படித்துவிடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு, டெக்சஸ், ஃபுளோரிடா மாதிரித் தெற்கு மாநிலங்களில் வருடம் முழுக்கவே பாஸ் பிடிக்கலாம்.

சரி, மீனைப் பற்றிப் பேசுவோம். பாஸ் என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டு. லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத். இரண்டுமே சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்கள், கடலில் கிடைக்கும் பாஸுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. வாயை மூடிப் பாருங்கள்: மேல்தாடையின் ஓரம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத், கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஸ்மால்மவுத். லார்ஜ்மவுத் பச்சை நிறம், பக்கவாட்டில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். ஸ்மால்மவுத் செம்பு கலந்த பழுப்பு, கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும், பல சமயம் கண் சிவந்திருக்கும். இது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். பாசியும் அல்லி இலையும் மண்டிய ஆழமில்லாத ஏரி லார்ஜ்மவுத்துக்கு. ரைஸ் லேக், ஸ்கூகாக் இரண்டும் அந்த ரகம். பாறையும் கூழாங்கல்லும் தெளிந்த குளிர்ந்த நீரும் ஸ்மால்மவுத்துக்கு. சிம்கோவும் ஈரியும் அதற்குப் பேர்போனவை.

இப்போது தெர்மாமீட்டர் எதற்கு என்று சொல்கிறேன். மீனுக்கு நம்மைப்போல் உடம்புக்குள் தனிச் சூடு கிடையாது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதுவும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மெதுவாகும், பசி குறையும், ஓடித் துரத்த மனம் வராது. 6 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லூரை வேகமாகச் சுற்றி இழுத்தால் மீன் பார்த்துக்கொண்டே இருக்கும், வராது. அதே லூரை அதே வேகத்தில் 22 டிகிரியில் இழுத்தால் பாய்ந்து வந்து கவ்வும். நாட்காட்டியில் மே என்று போட்டிருப்பது மீனுக்குத் தெரியாது. ஃபுளோரிடாவில் ஜனவரி, பிப்ரவரியிலேயே முட்டையிடத் தொடங்கும் லார்ஜ்மவுத், இங்கே மே கடைசியிலும் ஜூனிலும்தான் அந்த வேலைக்கு வருகிறது.

வசந்தத்தில் தண்ணீர் 8, 10 டிகிரியைத் தாண்டும்போது மீன்கள் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் நகரும். ஏரியின் வடக்குக் கரையில் உள்ள குடாக்கள்தான் முதலில் சூடாகும், வெயில் நேராக விழும், வாடைக்காற்றும் படாது. அடிமண் கறுப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பருவம் திறந்திருக்கும் ஊர்களில் இது பொன்னான நேரம்: போன வருடத்துப் பாசி மிச்சமிருக்கும் இடத்தில் லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டை (முன்னால் நாக்கில்லாத, மீன் வடிவ லூர்) ஓட்டி, பாசியில் மாட்டும்போது ராடைச் சடாரென்று ஒரு வெட்டு வெட்டி விடுவித்தால், அந்த வெட்டிலேயே பாஸ் பாயும். தெற்கு ஒன்டாரியோவில் இருப்பவர்கள் அதுவரை பெர்ச், க்ராப்பி, சன்ஃபிஷ் என்று பிடித்துக் கையைப் பழக்குங்கள், பெரும்பாலான இடங்களில் அவை திறந்தே இருக்கும். ஏப்ரல் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது, அதனால் படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

முட்டையிடும் காலத்தில் ஏன் மூடி வைக்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு ஜூன் தொடக்கத்தில் மரப்பலகைத் துறையில் படுத்துக்கொண்டு கீழே பார்த்தேன். முட்டளவு தண்ணீரில், தட்டு மாதிரி வட்டமாக, சேறெல்லாம் விலக்கிய வெளிறிய ஒரு குழி. அதன் மேல் ஆண் பாஸ் ஒன்று இருந்த இடத்திலேயே துடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றது. நாலைந்து சன்ஃபிஷ் ஓரத்தில் காத்திருந்தன. ஒன்று முன்னால் வந்தால் ஆண் பாய்ந்து விரட்டும், அது திரும்புவதற்குள் அடுத்தது மறுபக்கம் வரும், மறுபடி விரட்டும். அரை மணி நேரமும் அதற்கு ஓய்வே இல்லை. கூடு கட்டுவது, முட்டையைக் காப்பது, குஞ்சு பொரிந்த பின்னும் கூடவே அலைவது எல்லாம் ஆண்தான். அதைச் சில நிமிடம் நாம் வெளியே எடுத்தாலே போதும், குழி காலியாகிவிடும். அன்றிலிருந்து பருவத் தேதியை நான் ஒரு நாள்கூட மீற நினைத்ததில்லை.

திறப்பு நாள் வரும்போது தண்ணீர் 20 டிகிரி சுற்றிலும் இருக்கும், மீன் முட்டையிட்டுக் களைத்திருக்கும். இந்த நேரத்துக்குப் புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு லூர்தான் கொடுப்பேன் என்றால், அது ஐந்து அங்குல ரப்பர் புழு, பச்சை கலந்த பழுப்பில், சென்கோ எனப்படும் குச்சிப் புழு வகை. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்படியிலேயே பிளாஸ்டிக் புழு வார்க்கத் தொடங்கினார், அதன் வழிவந்ததுதான் இதெல்லாம். புழுவின் நட்டநடுவில் தூண்டில் முள்ளைக் குத்துங்கள், இரண்டு பக்கமும் தொங்கட்டும், ஈயம் வேண்டாம். இதை வாக்கி ரிக் என்பார்கள். பாசியின் ஓரத்தில் வீசிவிட்டு ஒன்றும் செய்யாதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பழகக் கடினம். புழு இரண்டு முனையும் நடுங்க நடுங்க மெதுவாக இறங்கும், கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். கையில் எதுவும் தெரியாது, லைனைப் பார்க்க வேண்டும். தண்ணீர் மேல் தளர்ந்து கிடக்கும் லைன் இலேசாக ஒரு துள்ளு துள்ளும், அல்லது காற்று இல்லாமலே பக்கவாட்டில் ஊர்ந்து போகும். அப்போது தளர்ச்சியைச் சுற்றி எடுத்துவிட்டு ராடை மேலே தூக்குங்கள். அடிமட்டம் வரை போயும் ஒன்றுமில்லையென்றால் ஒருமுறை தூக்கி மறுபடி இறக்கவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் நேரம்தான் முக்கியம். விடியற்காலையிலும் அந்தியிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்போது மேல்நீர் லூர். அல்லி இலைகளுக்கு மேல் ரப்பர் தவளையை வீசி, இலையிலிருந்து இலைக்குத் தாவவிட்டு, இடைவெளியில் நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடிக்கும், நெஞ்சு திக்கென்று ஆகும், உடனே இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். லைனில் கனம் தெரிந்த பிறகு பலமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் தவளை மட்டும் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். தவளைக்கு 50 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல்) லைனும் விறைப்பான ராடும் வேண்டும், பாசிக் கட்டோடு சேர்த்து மீனை இழுப்பதற்கு. ஃப்ளோரோகார்பன் என்னும் ஒற்றை இழை லைன் மூழ்கும், மேல்நீர் லூருக்கு அது சரிப்படாது.

வெயில் ஏறியதும் மீன் நிழலுக்குப் போய்விடும். அடர்ந்த பாசிக்குள் டெக்சஸ் ரிக், முள்ளின் நுனியைப் புழுவுக்குள்ளேயே மறைத்து, குண்டு ஈயம் முன்னால் வைத்து இறக்குவது. ஸ்மால்மவுத் என்றால் பாறை மேட்டின் சரிவில் டிராப் ஷாட் (ஈயம் லைனின் நுனியில், முள் அதற்கு மேலே) அல்லது நெட் ரிக் (சின்ன ஈயத்தலை முள்ளில் குட்டைப் புழு). ஆழம் என்றதும் அடியாழத்துக்குப் போகாதீர்கள். கோடையில் ஆழமான ஏரிகள் மேலே சூடு, கீழே குளிர் என்று அடுக்காகப் பிரிந்துவிடும், பல ஏரிகளில் கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடும், அங்கே பாஸ் நிற்காது.

செப்டம்பர் பாதியில் தண்ணீர் 18க்குக் கீழே இறங்கும், சின்ன மீன்கள் கூட்டமாகத் திரியும், பாஸ் அவற்றின் பின்னால் அலையும். எனக்கு வருடத்திலேயே பிடித்த நாட்கள் இவைதான். ஸ்பின்னர்பெய்ட்டையும் (தகடு சுழலும் லூர்) கிராங்க்பெய்ட்டையும் தாராளமாக வீசி, வேகமாக இழுத்து, இடம் மாறி மாறித் தேடலாம். நடுவில் ஒரு வாரம் போல ஏரி புரளும்: மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, கீழ்த் தண்ணீர் மேலே வரும், நிறம் மங்கும், சில சமயம் நாற்றம் அடிக்கும், கடியும் நின்றுவிடும். அப்போது ஆழமில்லாத ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்விடுங்கள்.

10 டிகிரிக்குக் கீழே போனதும் பொறுமை. ஜெர்க்பெய்ட்டை (மெலிந்து நீண்ட மீன் வடிவ லூர்) இரண்டு சுண்டு சுண்டி அப்படியே விட வேண்டும். பத்து எண்ணுங்கள். விரல் விறைத்திருக்கும், எண்ணுவது தானாக வேகமாகும், அதனால் நான் வாய்விட்டே எண்ணுவேன். ஒன்பதில், பத்தில் லைன் கனத்துப் போகும். பாய்ச்சல் இருக்காது, ஈரத்துணி மாட்டியது மாதிரி ஒரு பாரம். வருடத்தின் பெரிய மீன்கள் இந்த நேரத்தில்தான் வரும்.

ராட் ஒன்றே ஒன்று வாங்கினால் ஏழடி நீளத்தில் நடுத்தர விறைப்புள்ள (மீடியம்) ஸ்பின்னிங் ராட், 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்ட், அதன் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் இரு கை விரித்த நீளம். தவளை தவிர மற்றதெல்லாம் இதில் சமாளிக்கலாம். முடிச்சுக்குப் பாலோமார், இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்து இறுகினால் லைன் பலமிழக்கும். நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்: தெளிந்த நீருக்கு இயற்கை நிறம், கலங்கிய நீருக்கு வெள்ளை அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சை, சேற்றுத் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும்.

பிடித்த மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். கீழுதட்டைப் பெருவிரலால் பிடித்து, பெரியதாக இருந்தால் மற்றக் கையால் வயிற்றைத் தாங்குங்கள், தாடையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் தாடை முறியலாம். சமைக்க எடுப்பதென்றால் நடுத்தர அளவு மீனை எடுங்கள், வயதான பெரிய பாஸில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசே பட்டியல் வெளியிடுகிறது. உயிரோடு ஒரு ஏரி மீனை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகவே கூடாது. கிழிந்த ரப்பர் புழுவைத் தண்ணீரில் எறியாதீர்கள், மீன் விழுங்கினால் செரிக்காது. நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன், துவைக்கும்போது வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை.