டர்போவை மாற்றும் முன் ஆயில் போகும் வழியைப் பாருங்கள்

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. வேலை பழக வருகிற தம்பிகள் எல்லாரும் டர்போ வேலையில் கீழே சொல்லும் இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஆயில் லெவல் பார், மட்டமான ஆயில் ஊற்றாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுவோம்.

ஹோஸில் ஆயில் பார்த்ததும் பதறுவது

டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் ஹோஸில் லேசாக ஆயில் படிவது சகஜம். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவி வரத்தான் செய்யும். இன்ஜின் ஆறியபின் டர்போவின் நடுத்தண்டை, அதாவது ஷாஃப்டை, ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். முன்னும் பின்னும் நன்றாக ஆடினாலோ, பிளேடு வெளிக்கூட்டில் (ஹவுசிங்) உரசியிருந்தாலோதான் டர்போ போச்சு.

புது டர்போவுக்குப் பழைய ஆயில் பைப்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று டூரிஸ்ட் ஓட்டும் மண்டபத்து டாக்ஸி ஒன்று, வேறொரு இடத்தில் டர்போ மாற்றிய கொஞ்ச நாளிலேயே ஊளையிட்டுக்கொண்டு வந்தது. ஆயில் வரும் பைப்பைக் கழற்றினால் உள்ளே கரி கட்டி ஊசி நுழையக்கூட வழியில்லை, பைப்பை மாட்டும் துளையுள்ள போல்ட்டில் (பேன்ஜோ போல்ட்) இருந்த சின்ன வலையும் அடைத்துக் கிடந்தது. பழைய டர்போவைக் கொன்றதே அந்தப் பைப்தான், அதையே துடைத்து மாட்டியிருக்கிறார்கள்! டர்போ விலையோடு பார்த்தால் பைப்பும் போல்ட்டும் ஒரு காசா? பாவம், டிரைவர் அண்ணன் இரண்டு முறை தண்டம் கட்டினார்.

நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட், மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அது சில நொடி வராவிட்டாலே பேரிங் தேய ஆரம்பித்துவிடும். கழற்றிய ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் பற்றாமல் சூடேறியிருக்கிறது, கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயிலில் அழுக்கு.

கரி ஏன் கட்டுகிறது? ஈசிஆரில் விரட்டி வந்து, பாம்பன் பாலத்தில் கடல் பார்க்க நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பி அணைக்கிறார்கள் (அங்கே நிறுத்துவதே தப்பு, அது வேறு கதை). ஆயில் ஓட்டம் நின்றுவிடும், புகை போகும் டர்பைன் பக்கம் நெருப்பாகக் கொதிக்கும், நடுவில் மாட்டிய ஆயில் தீய்ந்துபோகும். ஓரிரு நிமிஷம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்தால் என்ன?

புது டர்போவை மாட்டும்போது ஆயில் துளையில் ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். அப்புறம் டீசல் சப்ளையைத் துண்டித்துவிட்டு, ஆயில் திரும்பி வடியும் ரிட்டர்ன் பைப்பில் ஆயில் எட்டிப்பார்க்கும்வரை, இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள்.

நீலப் புகை வந்தாலே 'சீல் போச்சு' என்பது

உள்ளே இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி இரும்பு வளையம். ரிட்டர்ன் பைப்பில் ஆயில் தானாகத்தான் கீழே வடிய வேண்டும். பைப் மடங்கினாலோ பிரீதர் அடைத்தாலோ நல்ல டர்போவும் ஆயில் கக்கும்.

ரிட்டர்ன் பைப் மூட்டில் (ஃபிளாஞ்ச்) கேஸ்கட் பேஸ்ட் தடவுவது

வேண்டாம். கேஸ்கட் போதும்.

கறுப்புப் புகை

முதலில் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

இன்ஜின் சூடேறினால் டர்போவை மட்டும் குறை சொல்வது

நம் கரையோரத்தில் உப்புக் காற்று ரேடியேட்டர், இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளை (ஃபின்) அரிக்கிறது, மிச்ச இடைவெளியை மணல் அடைக்கிறது. நல்ல தண்ணீரை மெதுவாக, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.