பொதிகை அடிவாரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் நூலை வாசிக்கும் முறை

ராபர்ட் எம். பிர்சிக் எழுதி 1974-இல் வெளிவந்த 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலைப் பயண நூல் என்று நம்பி வாங்கும் நம் ஊர்ப் பைக் ஆர்வலர்கள் பலர், நூறு பக்கத்துக்குள் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். தகப்பனும் பதினொரு வயது மகனும் மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை செல்லும் 17 நாள் பயணத்தின் இடையிடையே நீண்ட தத்துவ விசாரணை வருவதுதான் காரணம். இதை வீட்டுக்குள் இருந்து ஒரே மூச்சில் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படிப்பதையும், வண்டியைக் கையால் தொட்டுப் பராமரிப்பதையும், ஓட்டுவதையும் மாறி மாறிச் செய்தால்தான் நூல் திறந்துகொள்கிறது.

நூலில் 32 அத்தியாயங்கள் உள்ளன. வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு மார்கழிப் பிறப்பில் தொடங்கினால், பங்குனியில் முடிந்துவிடும். பிசானப் பருவ நெல் பச்சையாக நிற்கும்போது முதல் பக்கத்தையும், அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தபடி கடைசிப் பக்கங்களையும் வாசிக்கலாம்.

முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்த ஞாயிற்றுக்கிழமை, நான்குவழிச் சாலையைத் தவிர்த்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் செல்லுங்கள். பிர்சிக்கும் பெருஞ்சாலைகளை ஒதுக்கிப் பழைய கிளைச்சாலைகளையே தேர்ந்தெடுக்கிறார். சதுப்பு நிலத்துப் பறவையைச் சுட்டிக்காட்டும் தகப்பனிடம், இதையெல்லாம் நிறையப் பார்த்தாயிற்று என்று மகன் சலித்துச் சொல்லும் தொடக்கக் காட்சி நினைவில் இருக்கும்போதே, அடுத்த வாரம் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளோடு போய்வருவது நல்லது. ஊர்மக்களே காத்துவரும் பறவைகள் அங்கே வீட்டு மரங்களில்கூடக் கூடு கட்டியிருக்கும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது பராமரிப்பைப் பற்றிய அத்தியாயங்களில்தான். கதைசொல்லியான தகப்பனோடு பயணம் வரும் நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூ வண்டியில் கைப்பிடி தளர்ந்துபோகிறது. பீர் டப்பாவின் அலுமினியத் தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்று கதைசொல்லி சொல்ல, ஜான் அதை ஏற்க மறுக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் பீர் டப்பா. கதைசொல்லிக்குத் தெரிவதோ துருப்பிடிக்காத மெல்லிய தகடு. இந்தப் பகுதியைப் படித்த அன்றே உங்கள் வண்டியின் செயினைச் சோதியுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்குச் செயின் மேலும் கீழும் அசைகிறதா என்று விரலால் தூக்கிப் பாருங்கள். பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். ஏனென்றால் தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தளர்வதில்லை.

சைடு கவர் திருகு ஒன்று சிக்கிக்கொள்வதைப் பற்றியே பிர்சிக் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவசரத்தில் பொருந்தாத திருப்புளியைப் போட்டு அழுத்தி, ஒரு திருகின் தலையை நான் முற்றிலும் மழுங்கடித்த நாளில்தான் அந்தப் பக்கங்கள் எனக்கு விளங்கின. இரண்டு ரூபாய் பெறாத அந்தத் திருகு அன்று முழு வண்டியையும் நிறுத்தி வைத்திருந்தது. சிக்கி நிற்கும் நேரம்தான் புரிதல் பிறக்கும் நேரம் என்கிறார் அவர். நீங்களும் அப்படி நின்றால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, துருநீக்கும் எண்ணெயை விட்டு, அந்த அத்தியாயத்தை மறுபடி படியுங்கள்.

நூலின் மையமான 'தரம்' என்ற கருத்துக்கு வரும்போது பத்தமடைக்குப் போங்கள். எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியர் ஒருவர், தரத்துக்கு இலக்கணம் சொல்ல முடியாவிட்டாலும் நல்ல கட்டுரை எது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் ஒருமித்தே கண்டுகொள்கிறார்கள் என்று காட்டும் இடம் அதில் உண்டு. சாதாரணக் கோரைப்பாயையும், கோரையை நுணுக்கமாகக் கீறி நெய்த பட்டுப்பாயையும் அருகருகே விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எது மேலானது என்று கை சொல்லிவிடும். ஏன் என்று சொல்லத்தான் வாய் திணறும். அந்தத் திணறலோடு நூலுக்குத் திரும்பினால், கிரேக்கத் தத்துவம் வரும் கடினமான அத்தியாயங்களும் நகரும்.

தகப்பனும் மகனும் மலையேறும் பகுதிக்குப் பாபநாசம் பொருத்தமான இடம். அதற்கு மேல் முண்டந்துறைச் சாலை புலிகள் காப்பகத்துக்குள் செல்வதால், சோதனைச் சாவடியில் விதிகளைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் ஆற்றுப் படித்துறையிலேயே அமர்ந்து படிக்கலாம். கடைசி வாரத்துக்கு, மலையை வலப்புறம் வைத்துச் செல்லும் களக்காடு, திருக்குறுங்குடிச் சாலையை ஒதுக்கி வையுங்கள். வாழைத்தோட்டங்களின் நடுவே மெதுவாகப் போய்த் திரும்பி, வீட்டை அடைந்தவுடன், செயின் இன்னும் சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் இடுங்கள். அந்தச் சூட்டில்தான் எண்ணெய் கண்ணிகளுக்குள் நன்றாக இறங்கும்.