ஹாக்கி ஆடும் பிள்ளைகளுக்கு நிதியுதவி: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை மாநில அணியில் இடம்பிடிக்கட்டும், அதன் பிறகு உதவி கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பதே திருநெல்வேலிச் சீமையில் ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் செய்யும் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. உதவி என்றதும் கையில் வரும் பணத்தையே நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் ஓர் இடம் கிடைப்பது எந்தக் காசோலையையும்விடப் பெரிய உதவி. தங்குமிடம், சத்தான உணவு, சீருடை, மட்டை, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன. 2022ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டியில் உள்ள ஆணைய விடுதியில் பயின்று மேலே வந்தவர்கள்தாம். பள்ளி மாணவர்களுக்கான விடுதிச் சேர்க்கை 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கே நடைபெறுகிறது. எட்டாம் வகுப்பில் விண்ணப்பிக்காமல் விட்டுப் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு வழியே இல்லை. ஆகவே முழுத்தேர்வு நெருங்கும்போதே விடுதிச் சேர்க்கைக்கான தேர்வுப்போட்டி அறிவிப்பை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது தாள்களில் நேரும் பிழைகள். ஆட்டத்தில் குறை இல்லாத பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்தில் பலரது பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். குழந்தை பிறந்ததும் பிறப்பு மட்டும் பதிவாகும். பெயரை நல்ல நாள் பார்த்து வைத்துவிட்டு, பதிவேட்டில் சேர்க்க மறந்துவிடுவார்கள். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோர் இதை இந்த மாதமே சரிபார்ப்பது நல்லது. பிறப்பையே பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். ஓராண்டு கடந்த பதிவுக்கு அதிகாரியின் ஆணை வேண்டும். தேர்வுப்போட்டிக்கு முந்தைய வாரத்தில் அலைந்து அதை வாங்கிவிட முடியாது.

பெயர் எழுதும் முறையிலும் இதே சிக்கல். பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாகப் பின்னால் வரும். வங்கிப் பாஸ்புக்கில் முதலெழுத்தே இராது. இசக்கி என்று தொடங்கும் பெயர் ஒரு தாளில் ஆங்கில 'ஐ' எழுத்திலும் மற்றொன்றில் 'ஈ' எழுத்திலும் தொடங்குவதை நெல்லைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். ஊரில் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. கணினி பொருட்படுத்தும், இருவரும் வேறு வேறு ஆள் என்றே கொள்ளும். முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், அதன் பிறகு பள்ளிப் பதிவேடு, கடைசியாக வங்கிக் கணக்கு என்ற வரிசையில் திருத்துவதே சரி. ஆதாரில் பெயரை இருமுறையும் பிறந்த தேதியை ஒருமுறையும் மட்டுமே பொதுவாகத் திருத்த முடியும் என்பதால், அடிப்படைச் சான்றிதழைச் சரிசெய்யாமல் ஆதார் மையத்துக்குப் போவது உள்ள வாய்ப்பையும் வீணாக்கிவிடும். பள்ளியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் முன் திருத்தம் முடிந்திருக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பிழையை நீக்குவது நெடிய வேலை.

சிலர் இந்தத் திருத்தத்தைச் சாக்காக வைத்து வயதைக் குறைத்துவிடுகிறார்கள். சப்-ஜூனியர் பிரிவு 16 வயதுக்கும் ஜூனியர் பிரிவு 19 வயதுக்கும் உட்பட்டவர்களுக்கானது; ஓராண்டைக் குறைத்தால் இன்னொரு பருவம் ஆடலாம் என்ற ஆசை பெற்றோருக்கும் சில பயிற்சியாளர்களுக்கும் வருகிறது. இது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. எலும்பு வயதுப் பரிசோதனையில் அகப்பட்டால் தடை விழுவது அந்தப் பிள்ளையின் பெயரில்தான், யோசனை சொன்னவர் பெயரில் அல்ல.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படிகள் ஏற வேண்டியிருப்பதால், கடைசி நாளுக்கு முதல் நாள் விண்ணப்பிப்பது பயன் தராது. தீப்பெட்டி ஆலையிலோ வீட்டில் பீடி சுற்றியோ கிடைக்கும் கூலிக்குச் சம்பளச் சீட்டு இராது. அதற்காக வாய்க்கு வந்த தொகையைச் சொல்லக் கூடாது. குடும்பத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள், மாதம் எவ்வளவு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லா விண்ணப்பத்திலும் அதையே குறிப்பிட வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள தாய்மார்கள், தம் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அது ஹாக்கிக்கான பணம் அன்று; ஆனால் நோட்டுப் புத்தகச் செலவு குறைந்தால் மட்டைக்குக் காசு மிஞ்சும்.

எந்த மாவட்டம் என்பதிலும் தவறு நேர்கிறது. கோவில்பட்டி 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்காசி, சங்கரன்கோவில், கடையம் பகுதிகள் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டமாகப் பிரிந்தன. பழைய பழக்கத்தில் திருநெல்வேலி என்று தேர்ந்தெடுத்தால், இருப்பிடச் சான்று ஒன்று சொல்ல விண்ணப்பம் வேறொன்று சொல்லும். எந்த மாவட்டத்தில் வசிக்கிறீர்களோ அந்த மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடமே செல்ல வேண்டும்.

சான்றிதழ்களின் எண்ணிக்கையை நம்புவது மற்றொரு தவறு. நம் பகுதியில் நினைவுக்கோப்பைப் போட்டிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஆடுவது பிள்ளையின் ஆட்டத்தைச் செதுக்கும், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் உதவிக்கான பரிசீலனையில் முதலில் பார்க்கப்படுபவை பள்ளிக் கல்வித் துறையின் குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, அங்கீகரிக்கப்பட்ட சங்கம் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகள் ஆகியவற்றின் சான்றிதழ்களே. இருபது தாள்களை அடுக்கி அவற்றுக்கு நடுவே முக்கியமானதைப் புதைப்பதைவிட, மூன்று தாள்களைத் தெளிவாக வைப்பது மேல்.

தொகையைக் கேட்கும் இடத்தில் 'விளையாட்டுச் செலவு, 50,000 ரூபாய்' என்று ஒரே வரியில் எழுதுவது பரிசீலிப்பவருக்கு எதையும் சொல்லாது. 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை உபகரணங்களுக்கும் போட்டிப் பயணங்களுக்கும் உதவுகிறது. இதற்கானாலும் தனியார் உதவிக்கானாலும் செலவைப் பிரித்துக் காட்டுங்கள். மட்டை என்றால் எத்தனை அங்குலம், எந்த வகை. செயற்கைப் புல்தரைக்கான காலணி என்ன அளவு. முழங்கால் கீழ்க் காப்பு, பல் காப்பு. போட்டி எந்த ஊரில், ரயில் கட்டணம் எவ்வளவு. கடையிலிருந்து ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய கொட்டேஷன் ஒன்றையும் இணைக்க வேண்டும். கோல்கீப்பராக ஆடும் பிள்ளையின் விண்ணப்பத்தில் அதை முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும். தலைக்கவசம், மார்புக் காப்பு, கால் பேடு, கிக்கர் எனும் பாதக் காப்பு, கையுறைகள் என்று அவர்களுக்கு ஆகும் செலவு மற்ற ஆட்டக்காரர்களைவிடப் பல மடங்கு. பயணம் முடிந்து வந்த பிறகு விண்ணப்பிப்பவர்களும் உண்டு. பயண உதவியைப் புறப்படும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வங்கிக் கணக்கில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. பாண்டியன் கிராம வங்கி 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியுடன் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பழைய பாஸ்புக்கில் அச்சான ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை எழுதினால், ஒப்புதலான தொகையும் திரும்பிப் போகும். இரண்டாண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது மட்டும் போதாது, அரசின் நேரடிப் பணமாற்றத்துக்கு அந்தக் கணக்கே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கிளையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிப்பவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணையே கொடுக்கட்டும். கடைக்காரரின் எண்ணைக் கொடுத்தால் குறை திருத்தச் சொல்லி வரும் செய்தி உங்களுக்கு வராது.

மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகும் ஆட்டக்காரருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை உண்டு. அது போட்டிகளில் திறனைக் கண்டறிந்து தேர்வுக்குழு தருவது. அதற்கு விண்ணப்பப் பாரம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் தனிப்பிள்ளையின் பெயரில் கேட்டு எழுதுவதும் பெரும்பாலும் பலன் தருவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியை அந்த நிதிக்குரிய பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் பணம் பெரும்பாலும் பதிவுபெற்ற அமைப்பின் வழியாகவே செல்லும். ஊர் ஹாக்கி கிளப்பை முறையாகப் பதிவு செய்து, இந்த நிதியைப் பெறுவதற்கான தனிப்பதிவையும் முடித்து, பத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கேட்டால் கதவு திறக்க வாய்ப்புண்டு.

பணம் வந்த பிறகு ரசீதுகளைத் தொலைப்பது அடுத்த ஆண்டு உதவியைத் தானே தடுத்துக்கொள்வதாகும். ஒவ்வொரு ரசீதையும் படி எடுத்து, பயன்பாட்டுச் சான்றுடன் உரிய தேதிக்குள் அனுப்புங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.