டூரிங் பைக்கில் புதிய ஸ்டீரியோ: வயரிலிருந்து தொடங்குங்கள்

பெரிய ஃபேரிங் (முன்பக்கக் காற்றுத்தடுப்பு உறை) உள்ள, நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் பைக்கோடு வரும் ஸ்பீக்கர்கள் நகருக்குள் ஓரளவு பாடினாலும், சென்னையின் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டதும் காற்றின் இரைச்சலில் கரைந்துவிடுகின்றன. உடனே பெரிய ஸ்பீக்கரைத் தேடி, வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகத் தோன்றும். அதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பைக்கில் இந்த வேலை பழுதாவது பெரும்பாலும் ஸ்பீக்கரால் அல்ல, மின்சாரத்தாலும் தண்ணீராலும்தான்.

நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தலா 50 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்றால் மொத்தம் 200 வாட். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயரின் (சுருக்கமாக ஆம்ப்) செயல்திறனை ஏறத்தாழ 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது பேட்டரியிலிருந்து 250 வாட் கேட்கும், 13.5 வோல்ட்டில் அது சுமார் 18.5 ஆம்பியர். பாடல் ஓடும்போது சராசரி இதைவிட வெகுவாகக் குறையும் என்றாலும், வயரையும் ஃபியூஸையும் உச்சத்துக்கே கணக்கிட வேண்டும். கிளாஸ் ஏபி வகை இதே ஒலிக்கு இன்னும் அதிக மின்சாரத்தை வாங்கி அதை வெப்பமாக வீணாக்கும் என்பதால் பைக்குக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் '1000 வாட்' என்பதை நம்ப வேண்டாம், ஆர்.எம்.எஸ். எண்ணையும், மின்தடை 4 ஓமா 2 ஓமா என்பதையும் மட்டும் பாருங்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோத்தால் ஆம்ப்பின் மேல் விழுவது 2 ஓம் சுமை. அதைத் தாங்காத ஆம்ப் சூடேறி அணைந்துவிடும்.

வயர் வாங்கும்போது கையில் ஒரு சிறு கத்தி இருக்கட்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் செம்பு என்று சொல்லி விற்கப்படும் வயர்களில் சில, செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் அது சீக்கிரம் அரித்துப் போகும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போடும் இணைப்புக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடித்து மாட்டும்போது அதுவே கடைசி. ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் வயரிங்கை நீங்கள் தொடாமல் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள். ஃபேரிங் திருகுகளை எடுக்கும் வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தால், திரும்பப் பூட்டும்போது எது எந்த நீளம் என்று தடுமாற வேண்டியிருக்காது.

பாசிட்டிவ் வயரை நேராகப் பேட்டரியிலிருந்து எடுங்கள். ஹெட்லைட் வயரில் கிளை போடவே கூடாது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஆம்ப் அருகில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பை மட்டுமே காக்கும்; வழியில் வயர் உரசி ஃபிரேமைத் தொட்டால் தீயைத் தடுப்பது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்தான். இதை நான் கற்றது கோவளம் தாண்டி ஒரு மாலையில். ஒரு கடையில் மாட்டிக் கொடுத்த வயர் ஹேண்டில்பார் கழுத்தில் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து இறங்கிப் பார்த்தபோது, பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லை. ஆகவே வயரை நைலான் உறைக்குள் நுழைத்து, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவு தளர்வு விட்ட பிறகே டேக் (பிளாஸ்டிக் கட்டு) போட்டு இறுக்குங்கள். சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம்.

முனைகளைச் சால்டர் செய்வதைவிட லக் (உலோக முனை) போட்டு நன்றாகக் கிரிம்ப் செய்வதே (இடுக்கியால் நசுக்கிப் பிடிப்பதே) பைக்குக்கு ஏற்றது. ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடுவதால், இன்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் ஒடிகின்றன. மேலே, சூடேற்றினால் சுருங்கி ஒட்டும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் மழைநீர் இறங்காது.

ஆம்ப்பை ஃபேரிங்குக்குள் ஸ்பாஞ்சில் பொதிந்து வைப்பவர்கள் உண்டு. மே மாத வெயிலில் அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது அது அணைந்துபோவதற்குக் காரணம் அந்த ஸ்பாஞ்ச்தான். சிறிய அலுமினியத் தகட்டில் பொருத்தி, சுற்றிலும் காற்று புக இடம் விடுங்கள். பவர் வயர் ஒரு பக்கமும், பாட்டைக் கொண்டுவரும் சிக்னல் வயர் மறுபக்கமும் போகட்டும். சேர்ந்தே ஓடினால் ஆக்சிலரேட்டர் ஏற ஏற விசில் சத்தமும் ஏறும். ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் வயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் சேர வேண்டும். இல்லையேல் காலையில் ஸ்டார்ட்டர் முனகும்.

ஸ்பீக்கரின் நீர் தாங்கும் தரம் ஐ.பி.எக்ஸ். 5 அல்லது அதற்கு மேல் இருப்பது வடகிழக்குப் பருவமழைக்கு அவசியம். பொருத்தும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: பாசிட்டிவ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். ஒன்று மட்டும் உள்ளே இழுத்தால் பேஸ் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதை ஆம்ப்பின் குறை என்று எண்ணிப் பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு.

ஆம்ப்பில் உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப அமைக்கும் கெயினை ஒலி கூட்டும் குமிழாகத் திருப்பக் கூடாது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் ஒலியில் வைத்து, 400 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் அளவில் வையுங்கள். கெயினை மெல்லக் கூட்டி, 4 ஓமில் 50 வாட்டுக்கு உரிய 14.1 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்ட்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஓடும் பைக்கில் அதற்குக் கீழுள்ள பேஸ் எப்படியும் காற்றில் போய்விடும். பாடகரின் குரல் தெளிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹெட்லைட் எரிய, ரேடியேட்டர் ஃபேன் சுற்ற, பாட்டைப் போட்டு, பேட்டரியில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 12.8-க்குக் கீழே இறங்கி நின்றால் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். நெரிசலில் ஒலியைக் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கும். அது எப்படியும் நல்லதுதான்: மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசுப் பொது மருத்துவமனையைக் கடக்கும்போது என் கை தானாகவே வால்யூமுக்குப் போகும்.

முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஃபேரிங்கைத் திறந்து, பேட்டரி லக்குகளையும் ஆம்ப் திருகுகளையும் மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். அதிர்வில் ஒன்றிரண்டாவது கட்டாயம் தளர்ந்திருக்கும்.