அமெரிக்க மத்திய அரசு கான்ட்ராக்ட்: சின்ன கம்பெனிக்கு முதல் ஆர்டர் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன கம்பெனி நடத்தும் நம்மவர்களிடம் பேசினால், "கவர்ன்மென்ட் கான்ட்ராக்ட் எல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தானே?" என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. மத்திய அரசு நேரடியாகக் கொடுக்கும் கான்ட்ராக்ட் பணத்தில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று சட்டமே இலக்கு வைத்திருக்கிறது. நான் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். ஐடி, தோட்ட வேலை என்று எந்தத் தொழிலுக்கும் வழி பெரும்பாலும் இதுதான்.

படி 1: பதிவு

சாம்.கவ் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. பதிந்தால் 12 எழுத்தும் எண்ணும் கலந்த யுஇஐ என்ற அடையாளமும், உங்கள் கம்பெனியை அரசு அடையாளம் காணும் ஐந்து இடங்கள் கொண்ட கேஜ் கோடும் கிடைக்கும். 2022 ஏப்ரலுக்கு முன் கேட்ட டன்ஸ் எண் இப்போது தேவையில்லை.

இங்கே பலர் மாட்டுவது பெயரிலும் முகவரியிலும்தான். மாநிலப் பதிவில் இருப்பதும் நீங்கள் இங்கே எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். என் கம்பெனியின் மாநிலப் பதிவில் பழைய வீட்டு முகவரியே இருந்தது. அதைத் திருத்தி வருவதற்குள் பல வாரம் போய்விட்டது. முதலில் காகிதங்களைச் சரி செய்துகொண்டு, அப்புறம் பதிவைத் தொடங்குங்கள்.

பதிந்ததும் "உங்கள் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று மெயில்கள் வரும். அவை தனியார் ஆட்கள் அனுப்புவது. கட்டாதீர்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மை. அதையும் நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

படி 2: நீங்கள் 'சின்ன' கம்பெனிதானா?

ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க நெய்க்ஸ் கோட் உண்டு. துப்புரவுக்கு 561720. இதில் ஐந்தாண்டு சராசரி வருமானம் ஆண்டுக்கு 2.2 கோடி டாலர் வரை இருந்தாலும் சிறு நிறுவனம்தான். கம்ப்யூட்டர் சிஸ்டம் வடிவமைப்புக்கு, அதாவது 541512-க்கு, 3.4 கோடி டாலர். பார்த்தீர்களா, நீங்கள் நினைத்ததைவிட வாசல் அகலம்.

சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களின் நிறுவனங்களுக்கான 8(ஏ) திட்டம், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் ஆகியவற்றில் சேர உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. சிறு நிறுவனங்கள் மட்டும் போட்டியிடும் சாதாரண ஒதுக்கீட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை.

படி 3: வேலையைத் தேடுங்கள்

டெண்டர்கள் சாம்.கவ்விலேயே வரும். ஆனால் டெண்டர் வெளியான பிறகு ஓடினால் பாதி நேரம் தாமதம்தான். நான் தொடங்குவது யுஎஸ்ஏஸ்பெண்டிங்.கவ் (USAspending.gov) தளத்தில். அங்கே 561720 என்று போட்டு, உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்த அலுவலகம் யாருக்கு எவ்வளவு கொடுத்தது, கான்ட்ராக்ட் எப்போது முடிகிறது என்பதெல்லாம் வந்துவிடும். ஓராண்டும், அரசு விரும்பினால் ஒவ்வொன்றாக நீட்டிக்கும் நான்கு ஆப்ஷன் ஆண்டுகளுமாகக் கொடுப்பது வழக்கம். ஆகவே நான்காவது ஆண்டில் இருக்கும் கான்ட்ராக்ட்டைக் குறித்துவைத்தால், அடுத்த டெண்டர் ஏறக்குறைய எப்போது வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

'சோர்சஸ் சாட்' என்ற அறிவிப்பைக் கண்டால் கட்டாயம் பதில் போடுங்கள். அது டெண்டர் இல்லை, "இந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறீர்கள்?" என்ற விசாரிப்பு. சிலர் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள், அது பெரிய தவறு. மிகச் சிறிய கொள்முதல் போக, 3,50,000 டாலர் வரையிலான வேலைகளை, நியாயமான விலையில் செய்ய இரண்டு சிறு நிறுவனங்களாவது வரும் என்றால் சிறு நிறுவனங்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டில் ஒன்றாக உங்களை எண்ண வைப்பது இந்தப் பதில்தான்.

படி 4: டெண்டரை மூன்று முறை படியுங்கள்

முதல் முறை வேலை என்ன என்று பாருங்கள். இரண்டாம் முறை எப்படி அனுப்பச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய டெண்டர்களில் இது எல் பிரிவில் இருக்கும். மூன்றாம் முறை எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்று பாருங்கள், அது எம் பிரிவு. பத்துப் பக்கம் என்று வரம்பு வைத்திருந்தால் பதினோராவது பக்கத்தைப் பெரும்பாலும் படிக்கவே மாட்டார்கள். மதியம் 2 மணி என்றால் 2 மணிதான். நான் முந்தைய நாளே அனுப்பிவிடுவேன். இடையில் திருத்தங்கள் வந்திருந்தால் அவற்றைப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

படி 5: விலை

துப்புரவு போன்ற சேவை வேலைகளில் 2,500 டாலருக்கு மேல் போனால், 1965-ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் பொருந்தும். டெண்டரோடு ஒரு கூலி அட்டவணை இணைத்திருப்பார்கள். அதில் மணிக்கூலி ஒரு வரியிலும், மருத்துவம் உள்ளிட்ட சலுகைக்கான தொகை தனியாக இன்னொரு இடத்திலும் இருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டாவதைப் பார்க்காமல் விலை போட்டுவிடுகிறார்கள். உதாரணத்துக்குக் கூலி 17 டாலர், சலுகை 5 டாலர் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 22 டாலரில் தொடங்குகிறீர்கள். கூலிமேல் முதலாளி பங்காக 7.65 சதவீத வரி, இன்சூரன்ஸ், சோப்பு, மெஷின், விடுமுறைச் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். குறைந்த விலை போட்டு ஜெயித்துவிட்டு, ஆட்களின் கூலியில் கை வைக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

கணக்கு குழப்பினால் அரசு கான்ட்ராக்ட் தேடும் நிறுவனங்களுக்கு உதவும் உங்கள் பகுதி ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் அலுவலகத்துக்குப் போங்கள். ஆலோசனை இலவசம்.

தோற்றுவிட்டால் காரணம் கேளுங்கள். பெரிய டெண்டர்களில் முடிவு தெரிந்த 3 நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால் விளக்கம் தர வேண்டும்.

படி 6: கிடைத்த பிறகு

கான்ட்ராக்ட்டை மாற்றும் அதிகாரம், அரசு சார்பில் அதில் கையெழுத்திடும் கான்ட்ராக்டிங் ஆபீசருக்கு மட்டும்தான். இதை நான் பணம் இழந்து கற்றேன். ஒரு கட்டடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, "அந்த கீழ்த்தள ஸ்டோர் ரூமையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்" என்றார். நல்ல மனிதர், தினம் பார்ப்பவர். இரண்டு பேரை வைத்து ஒரு மாதம் செய்தேன். இன்வாய்ஸ் போட்டபோது அந்தத் தொகையை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அப்படிச் சொல்லும் அதிகாரமே இல்லை. இப்போது யாராவது கூடுதல் வேலை சொன்னால், "சரி, கான்ட்ராக்டிங் ஆபீசரிடமிருந்து எழுத்தில் வரட்டும்" என்று அன்றே மெயில் போட்டுவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சரியான இன்வாய்ஸ் கொடுத்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டும், தாமதமானால் அரசு வட்டி தர வேண்டும். கான்ட்ராக்ட் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் இன்வாய்ஸ் திரும்பிவிடும், நாட்கணக்கு மறுபடி தொடங்கும். முதல் பணம் வருவதற்குள் இரண்டு மூன்று முறை சம்பளம் போட வேண்டியிருக்கும். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சிறு நிறுவனத்துக்கு ஒதுக்கிய சேவை வேலையில், கிடைக்கும் பணத்தில் பாதிக்கு மேல் பெரிய கம்பெனிகளுக்குத் துணைக் கான்ட்ராக்ட்டாகத் தள்ளிவிடவும் கூடாது.

பெரிய கான்ட்ராக்ட்களில் ஆண்டுதோறும் சீபார்ஸ் என்ற பதிவில் உங்கள் வேலைக்கு மதிப்பீடு எழுதுவார்கள். அடுத்த டெண்டரில் மற்ற அலுவலகங்களும் அதைத்தான் திறந்து பார்க்கும். வரைவு உங்கள் பார்வைக்கு வரும்போது ஒவ்வொரு வரியையும் படித்து, தவறு இருந்தால் ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள். அதற்காகவே நான் எல்லாக் கட்டடத்திலும் தினசரி வேலைப் பட்டியலில் கையெழுத்து வாங்கி, மாதவாரியாக ஃபைல் போட்டு வைக்கிறேன்.