3/8 என்று இருந்தால் பதறாதீர்கள்: ஆஸ்திரேலிய இணையதளங்களில் நாம் வழுக்கும் இடங்கள்

2020 டிசம்பர் 19 காலை, அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது ஞாபகம் இருக்கும். நம் இணையதளங்களில் 36/9. ஆஸ்திரேலியத் தளங்களில் அதே ஸ்கோர் 9/36. அங்கே விக்கெட்டை முன்னாலும் ரன்னைப் பின்னாலும் எழுதுவார்கள். 9/36 என்றால் யாரும் குழம்பமாட்டார்கள். 3/8 என்று இருந்தால்தான் சிக்கல். மூன்று ரன்னுக்கு எட்டு விக்கெட் காலி என்று வாட்ஸ்அப்பில் அலறிவிடாதீர்கள், எட்டு ரன்னுக்கு மூன்றுதான் போயிருக்கிறது.

நேரக் கணக்கிலும் இப்படித்தான். 'ஆஸ்திரேலிய நேரம்' என்று ஒன்று கிடையாது. கோடையில் மெல்போர்ன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள், அதனால் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். டிசம்பர் 26 டெஸ்ட் அங்கே காலை 10.30-க்குத் தொடங்கினால் இங்கே விடிகாலை 5. பிரிஸ்பேனில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. எப்போதும் நாலரை மணி நேரம்தான். பெர்த் என்றால் இரண்டரை. எந்த ஊர் என்று பார்க்காமல் அலாரம் வைத்தால் தூக்கம் போகும், அல்லது முதல் செஷன் போகும்.

'ஃபுட்டி' என்ற சொல்லையும் கவனியுங்கள். மெல்போர்னில் அது அணிக்கு 18 பேர் ஆடும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் என்ற ஆட்டம், சிட்னியில் பெரும்பாலும் ரக்பி லீக். நாம் கால்பந்து என்பது அவர்களுக்கு சாக்கர்.

பருவங்களுக்கு வருவோம். அங்கே ஸ்பிரிங் என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கூட்டுக்கு அருகே போகிறவர்களின் தலையை மாக்பை பறவைகள் பாய்ந்து கொத்தும் என்ற எச்சரிக்கைகள் நிரம்பும் காலம் அதுதான். பள்ளியில் படித்த மார்ச் வசந்தத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தளத்தில் பூர்வகுடிகளின் பருவக் கணக்குகளுக்கும் தனி இடம் உண்டு. தென்மேற்கு மூலையில் வாழும் நூங்கார் மக்களுக்கு ஆண்டுக்கு ஆறு பருவம். அட, நம் கார், கூதிர், முன்பனி மாதிரியே இருக்கிறதே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. உடனே ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வரும் அவர்களுடைய 'பிராக்' என்ற பருவம் வெயிலும் வறட்சியுமான காலம். நமக்கோ அது மார்கழி, தைப் பனி.

விலங்கு, பறவை, செடிகளுக்கு 'அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா' என்ற தளம் மாதிரி ஒரு சுரங்கம் வேறில்லை. ஓர் உயிரினத்தின் பெயரைத் தட்டினால் வரைபடம் முழுக்கப் புள்ளிகள். அதைப் பார்த்து, புள்ளி இருக்கும் இடத்தில் அந்த விலங்கு இருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. புள்ளி என்பது யாரோ ஒருவர் ஒருநாள் பார்த்துப் பதிந்தது, அவ்வளவுதான். அதனால்தான் நகரங்களைச் சுற்றியும் சாலையோரங்களிலும் புள்ளிகள் மொய்க்கும், ஆள் போகாத பாலைவனம் வெறுமையாகக் கிடக்கும். ஆண்டையும் பாருங்கள். டாஸ்மேனியப் புலிக்கும் அங்கே புள்ளிகள் உண்டு. ஆனால் அந்த இனத்தில் கடைசியாக நமக்குத் தெரிந்தது ஹோபார்ட் விலங்குக்காட்சி சாலையில் செத்தது 1936-இல். பல பதிவுகள் அருங்காட்சியக அலமாரியில் இருக்கும் பழைய மாதிரிகளிலிருந்து வந்தவை. இன்னொரு விஷயம்: அரிய உயிரினங்களின் இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் காட்டுவார்கள். நைட் பேரட் என்ற இரவாடிக் கிளி அழிந்தே போயிருக்கும் என்று பலர் நினைத்திருந்தபோது, 2013-இல் மேற்குக் குயின்ஸ்லாந்தில் உயிரோடு படமெடுக்கப்பட்டது. அதன் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூர்வகுடிப் பண்பாட்டுத் தளங்களைத் திறந்ததும், இறந்தவர்களின் பெயரும் படமும் இதில் இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். குக்கி அறிவிப்பைத் தள்ளிவிடுவது போல அதைத் தள்ளிவிடாதீர்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் வழக்கமில்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புவது இன்னும் மோசம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த ட்ரோவ் என்ற தளம். கான்பெராவிலுள்ள தேசிய நூலகம் நடத்துவது. 1803-இல் தொடங்கிய சிட்னி கெஸட் முதல் பழைய செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். 'சென்னை' என்று தேடினால் ஏமாற்றம்தான். மெட்ராஸ் என்று தேட வேண்டும். இலங்கைக்கு சிலோன், திருச்சிக்கு டிரிச்சினாபொலி, எல்லாம் ஆங்கிலத்தில். பெரும்பாலான தாள்கள் காப்புரிமை காரணமாக 1954-உடன் நின்றுவிடும். அதற்குப் பிந்திய செய்தி கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இடப்பக்கம் வரும் எழுத்துகளை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. அவை இயந்திரம் படித்தவை; மை பரவிய இடத்தில் உளறும், குறுகிய பத்தியில் டிரிச்சினாபொலி இரண்டு துண்டாக உடைந்தால் தேடலில் சிக்காது. வலப்பக்கத்துப் படம்தான் சாட்சி. தப்பாக இருந்தால் அந்த வரியை நீங்களே திருத்தலாம்.

சரி, ஒருமுறை மெட்ராஸ், பஞ்சம் இரண்டுக்கும் ஆங்கிலச் சொற்களைப் போட்டு, ஆண்டை 1877 என்று சுருக்கித் தேடிப் பாருங்கள். நம் தாது வருஷப் பஞ்சத்துக்கு மெல்போர்னில் நிதி திரட்டிய கதை அங்கே கிடக்கிறது.