பிட்ஸ்டனில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு: அங்கே வாழ்ந்த சுரங்கக் குடும்பத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான பிட்ஸ்டனில் நாங்கள் வாங்கியது ஒரு டபுள் பிளாக் வீட்டின் பாதி. நடுவே ஒரே சுவர், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குடும்பம். நிலவறைக்குள் இறங்கினால் இன்னொரு சமையலறை: அடுப்பு, பெரிய கல்தொட்டி, உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். மேலே ஒன்று இருக்கும்போது கீழே எதற்கு இன்னொன்று? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒரே மாதத்தில் முடித்திருப்பேன்.

பெயரை வைத்துத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். முதல் குளிர்காலம் எனக்கு அப்படித்தான் வீணானது. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் வாழ்ந்த சுரங்கக்காரப் பெரியவர் ஒரு பதிவில் கலோஜெரோ, இன்னொன்றில் சார்ல்ஸ், மூன்றாவதில் எழுதியவர் காதில் விழுந்தபடி என்னவோ. முகவரி அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பத்திரம். வில்க்ஸ்-பாரியில் உள்ள லுசெர்ன் கவுண்டி பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் பத்திரத்திலேயே முந்தைய பத்திரத்தின் புத்தக எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். அப்படியே ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் தாய்ப்பத்திரம் வரை போய்விடலாம். போகிற வழியில் நிலக்கரி பற்றிய பத்தியைத் தாண்டிவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் மேல்மண் ஒரு சொத்து, அடியில் கிடக்கும் கரி இன்னொரு சொத்து, மேல்மண் சரியாமல் தாங்கி நிற்க வேண்டும் என்ற உரிமை மூன்றாவது சொத்து. மூன்றும் மூன்று பேரிடம் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் கரி வெட்டிய மனிதர் தன் வீட்டுக்கு வாங்க முடிந்தது மேல்மண் மட்டும். எனக்கும் அதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. (கையோடு, சுரங்கம் அமிழ்ந்தால் கிடைக்கும் மாநில அரசின் காப்பீட்டைப் பற்றியும் விசாரித்துவிடுங்கள்.)

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 ஆண்டுகள் கழித்துத்தான் ஏடுகளை வெளியிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். பெயர்ப்பட்டியலை நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். தெருப்பெயர் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும். 1910 ஏட்டில் தாய்மார்களுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: பெற்ற பிள்ளைகள், உயிரோடு இருப்பவர்கள். எங்கள் வீட்டு அம்மாவுக்கு 9, 6. அன்று அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. மறுநாள்தான் பார்த்தேன், பிள்ளைகளுக்குக் கீழே இரண்டு பேர், "போர்டர்" என்று. பணம் கொடுத்துத் தங்கிச் சாப்பிட்டவர்கள், இருவரும் சுரங்கத்தில் வேலை. சரி, நிலவறைச் சமையலறை அவர்களுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

1950 ஏட்டில் பெரியவரின் வேலைக் கட்டத்தில் "யு" என்ற ஒற்றை எழுத்து: வேலை செய்ய இயலாதவர். அடுத்த வரியில் மகள், ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டுபவர். அந்த "யு"வுக்குக் காரணம் இறப்புச் சான்றிதழில் இருக்கும். பென்சில்வேனியாவில் 50 ஆண்டு கடந்தவை பொதுப் பார்வைக்கு வந்துவிடும். "சுரங்க ஆஸ்துமா" என்றோ சிலிகோசிஸ் என்றோ எழுதியிருந்தால் கரித்தூசியும் கல்தூசியும் நுரையீரலைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

குடியேறி வந்தவர்களின் கப்பல் பயணிகள் பட்டியலையும் பாருங்கள். குடியேறிகள் வந்திறங்கிய நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், கட்டுக்கதை. கப்பல் ஏறும் துறைமுகத்திலேயே பட்டியல் எழுதியாகிவிடும். இங்கே யாரிடம் போகிறார் என்ற கட்டம் முக்கியம். எங்களவர் மைத்துனரிடம் வந்திருக்கிறார், சிசிலியின் சான் கத்தால்டோவிலிருந்து. பிட்ஸ்டன் இத்தாலியர்களில் பலருக்கு அதுதான் பூர்வீகம். அங்கே கந்தகச் சுரங்கம். மண்ணுக்கடியில் இறங்குவது இங்கே வந்து கற்ற தொழில் இல்லை. இத்தாலியப் பதிவுகளுக்கு அந்தெனாத்தி தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரில்தான் இருப்பார்கள். கணவர் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் போங்கள். வெறுங்கையோடு போகாமல் கணக்கெடுப்பு ஏட்டின் நகலைக் கொண்டுபோங்கள். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பாட்டியிடம், எடுத்த எடுப்பில் 1959 ஜனவரி 22 பற்றிக் கேட்டேன். பக்கத்துப் போர்ட் கிரிஃபித்தில் சஸ்குவஹன்னா ஆறு நாக்ஸ் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு பாய்ந்து 12 பேரைக் கொண்டுபோன நாள். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். நீங்கள் அதில் தொடங்காதீர்கள், சமையலில் தொடங்குங்கள்.

அடுத்த முறை கொக்கிகளைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "சாசேஜ் தொங்கவிடத்தான். தொட்டி, தாத்தா வந்ததும் கரியைக் கழுவ. தினமும் சமையல் கீழேதான்."

"அப்போ மேலே இருக்கும் சமையலறை?"

"அது விருந்தாளிகள் பார்க்க."